பிறந்த அன்று எடுத்த அளவு மட்டும் போதுமா?

குழந்தை பிறந்த சேதி வந்ததும் உறவுகள் கேட்கும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். 'பையனா, பொண்ணா? எடை எவ்வளவு? சுகப்பிரசவமா, ஆபரேஷனா?' அதற்கு மேல் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால், பிரசவ அறையில் நர்ஸ் இன்னோர் அளவையும் எடுத்து எழுதியிருப்பார். அது குழந்தையின் தலைச்சுற்றளவு. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அது பெரும்பாலும் 33 முதல் 35 சென்டிமீட்டர் வரை இருக்கும்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் கர்ப்பிணிகள் எல்லோரும் அந்த ஒரே ஒரு எண்ணை நினைத்துப் பயந்தார்கள். காரணம், ஜிகா வைரஸ். அந்த எண் சரியாக இருந்தால் 'தப்பித்தோம்' என்று வீட்டுக்குப் போனார்கள். குறைவாக இருந்தால் 'எல்லாம் முடிந்தது' என்று உடைந்துபோனார்கள்.

இரண்டுமே முழு உண்மை இல்லை என்பதை அந்தக் குழந்தைகள் வளர வளரத்தான் மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது. கர்ப்பத்தில் தொற்றைச் சந்தித்த எந்தக் குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

அம்மாவும் மகளும் கவனித்த விஷயம்

ஜிகா புதிய கிருமி அல்ல. 1947-ல் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், ஜிகா என்ற காட்டில் ஆய்வுக்காக வைத்திருந்த ஒரு குரங்கின் ரத்தத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. காட்டின் பெயரே வைரஸுக்கும் வந்துவிட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேசான காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, கண் சிவத்தல், மூட்டுவலி. நான்கைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும். தொற்று வந்தவர்களில் 80 சதவிகிதம் பேருக்கு அந்த அறிகுறிகள்கூடத் தெரியாது.

2015-ல் இந்த வைரஸ் பிரேசிலில் பரவியபோதும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பியது. 'டெங்குவைவிடச் சாதுவான காய்ச்சல்' என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டின் பிற்பாதியில், பெர்னாம்புகோ மாநிலத்தின் தலைநகரான ரெசிஃபியில் நிலைமை மாறியது. அங்கே வனெஸ்ஸா வான் டெர் லிண்டன் என்ற குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம், தலை மிகச் சிறியதாக இருந்த பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து வந்தார்கள். எப்போதாவது ஒரு குழந்தையைப் பார்த்த இடத்தில் இப்படி வரிசையாக வருவது அவரை யோசிக்க வைத்தது. அவருடைய அம்மா அனாவும் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர்தான். இருவரும் பேசிக்கொண்டபோது, அம்மாவும் அதேபோன்ற குழந்தைகளைப் பார்த்திருப்பது தெரிந்தது. உடனே மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார்கள்.

பக்கத்து மாநிலமான பராய்பாவில், அட்ரியானா மெலோ என்ற மகப்பேறு மருத்துவர் இன்னொரு முக்கியமான காரியம் செய்தார். ஸ்கேனில் சிசுவின் மூளை பாதிக்கப்பட்டிருந்த கர்ப்பிணிகளின் பனிக்குட நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் ஜிகா வைரஸ் இருந்தது. 2015 நவம்பரில் பிரேசில் அரசு சுகாதார நெருக்கடியை அறிவித்தது. 2016 பிப்ரவரி 1-ம் தேதி, உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச நெருக்கடி நிலையை அறிவித்தது.

கருவில் என்ன நடக்கிறது?

கர்ப்பிணியை ஜிகா தாக்கினால், வைரஸ் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவைச் சென்றடைய முடியும். அங்கே அது குறிவைப்பது, மூளையை உருவாக்கும் மூல செல்களை. செங்கல் அடுக்கும் கொத்தனார்களையே விரட்டிவிட்டால் வீடு எப்படி எழும்பும்? அப்படித்தான் மூளையின் வளர்ச்சி நின்றுபோகிறது. மூளை வளர்ந்தால்தான் மண்டையோடும் விரியும். மூளை சிறுத்துப்போனால் தலையும் சிறுத்துவிடும். இதைத்தான் டாக்டர்கள் 'மைக்ரோசெஃபாலி' என்கிறார்கள்.

முதல் மூன்று மாதங்களில் தொற்று வந்தால் ஆபத்து அதிகம். ஆனால், பிந்தைய மாதங்களில் வந்தாலும் பாதிப்பு ஏற்படலாம். அம்மாவுக்குக் காய்ச்சலே வராமல் இருந்திருந்தாலும் குழந்தை பாதிக்கப்படலாம் என்பது இதில் பெரிய சிக்கல்.

சிறிய தலை என்பது இதன் ஓர் அடையாளம்தான். மூளைத் திசு குறைந்து, உள்ளே சுண்ணாம்புப் படிவுகள் இருப்பது, கண்ணின் பின்பக்கம் தழும்பு, பிறக்கும்போதே வளைந்து இறுகிய கை கால் மூட்டுகள், உடம்பு விறைத்திருப்பது என்று பல பாதிப்புகள் சேர்ந்து வரும். இந்தத் தொகுப்புக்குத்தான் 'பிறவி ஜிகா கூட்டறிகுறி' என்று பெயர்.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் முதல் இரண்டு மூன்று வருடங்கள் குடும்பங்களை உலுக்கிவிட்டன. முதல் மாதங்களில் என்ன செய்தாலும் அடங்காத அழுகை. தூக்கம் இல்லாத இரவுகள். பால் குடிக்கும்போது புரை ஏறுவது, விழுங்க முடியாமல் திணறுவது, அதனால் நெஞ்சில் சளி, நிமோனியா. சில மாதங்கள் கழித்து வலிப்பு. சில குழந்தைகளுக்கு வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டிவந்தது.

பராய்பா மாநிலத்தில் இப்படிக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 19 குழந்தைகளை, ஒன்றரை வயதைத் தாண்டிய பிறகு மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் 15 பேர், ஆறு மாதக் குழந்தை செய்ய வேண்டியவற்றைக்கூடச் செய்யும் நிலையில் இல்லை.

உயிருக்கும் ஆபத்து இருந்தது. பிரேசிலில் 2015 முதல் 2018 வரை பிறந்த ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகளின் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. மற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால், பிறவி ஜிகா கூட்டறிகுறி உள்ள குழந்தைகள் மூன்று வயதுக்குள் இறக்கும் விகிதம் சுமார் 11 மடங்கு அதிகம் என்று அது காட்டியது.

தலை சரியாக இருந்த குழந்தைகள்

இது வெளியே தெரிந்த கதை. வெளியே தெரியாத இன்னொரு கதையும் இருந்தது.

அம்மாவுக்கு ஜிகா தொற்று. ஆனால், குழந்தை நன்றாகப் பிறந்தது. தலைச்சுற்றளவு சரியாக இருந்தது. நிம்மதிப் பெருமூச்சோடு வீடு திரும்பினார்கள். இப்படிப்பட்ட குழந்தைகள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். அவர்கள் எப்படி வளர்ந்தார்கள்?

2016-லேயே ஓர் எச்சரிக்கை வந்தது. பெர்னாம்புகோ, சியாரா மாநிலங்களில், பிறக்கும்போது தலை இயல்பான அளவில் இருந்த 13 குழந்தைகளைப் பற்றிய அறிக்கை அது. மூளை ஸ்கேனில் இவர்களுக்குப் பாதிப்பு தெரிந்தது. மாதங்கள் போகப் போகத் தலையின் வளர்ச்சி மந்தமானது. அவர்களில் 11 பேருக்குப் பிறகு மைக்ரோசெஃபாலி உண்டானது. பிறந்த அன்று எடுத்த அளவை மட்டும் நம்பியிருந்தால், இது தெரியவே நாளாகியிருக்கும்.

2018-ல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட அறிக்கை இன்னும் விரிவானது. போர்ட்டோ ரிக்கோ உள்ளிட்ட அமெரிக்க ஆட்சிப் பகுதிகளில், கர்ப்பத்தில் ஜிகாவைச் சந்தித்த தாய்மார்களுக்குப் பிறந்து, ஒரு வயதைக் கடந்து, தொடர் பரிசோதனைக்கும் வந்த 1,450 குழந்தைகளை அது கணக்கில் எடுத்தது. 6 சதவிகிதம் பேருக்கு ஜிகா தொடர்பான பிறவிக் குறைபாடு இருந்தது. 9 சதவிகிதம் பேருக்கு நரம்பு வளர்ச்சியில் பிரச்னை இருந்தது. அதாவது வலிப்பு, விழுங்குவதில் சிரமம், வளர்ச்சியில் தாமதம் போன்றவை. சிலருக்கு இரண்டும் இருந்தன. மொத்தத்தில் ஏழு குழந்தைகளில் ஒருவருக்கு ஏதோ ஒரு பாதிப்பு.

ரியோ டி ஜெனீரோ நகரில் 216 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வளர்ச்சி சராசரிக்குக் கீழே இருந்தது, அல்லது கண், காது பரிசோதனையில் குறை தெரிந்தது. அதிகம் பின்தங்கியது பேச்சும் மொழியும். பேச்சு என்பது பிறந்த அன்று அளக்கக்கூடிய விஷயம் இல்லையே! முதலில் நன்றாக இருந்த மூன்று குழந்தைகளுக்கு, இரண்டாவது வயதில் ஆட்டிசம் கண்டறியப்பட்டது.

கொலம்பியாவிலிருந்து இன்னொரு தகவல். அங்கே தலை அளவும் இயல்பு, மூளை ஸ்கேனும் இயல்பு என்று சொல்லப்பட்ட 70 குழந்தைகளை ஒன்றரை வயதுவரை கவனித்தார்கள். நகர்வது, மற்றவர்களோடு பழகிப் புரிந்துகொள்வது போன்ற திறன்களில், வயது ஏற ஏற அவர்கள் சராசரியைவிட மெல்லப் பின்தங்கியது தெரிந்தது. 2020-ல் வெளியான இந்த ஆய்வு, 'ஸ்கேன் நார்மல்' என்ற வார்த்தையோடு கண்காணிப்பை நிறுத்தக் கூடாது என்பதைக் காட்டியது.

பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டியதில்லை. ஏழில் ஒருவருக்குப் பாதிப்பு என்றால், ஏழில் ஆறு பேருக்கு அந்த வயதுவரை எந்தப் பிரச்னையும் தெரியவில்லை என்றும் அர்த்தம். அதோடு, வளர்ச்சி தாமதமாவதற்கு ஜிகாவைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. குறைமாதப் பிறப்பு, சத்துக்குறைவு, காது கேளாமை, வீட்டில் பேச்சுக்கொடுக்க ஆள் இல்லாமை என்று பட்டியல் நீளும்.

இன்னொரு நல்ல சேதியும் ரியோ ஆய்விலேயே இருக்கிறது. சிறிய தலையோடு இருந்த எட்டுக் குழந்தைகளில் இருவரின் தலை, பிறகு இயல்பான அளவை எட்டியது. ஆக, பிறந்த அன்று 'சரி' என்று சொன்னதும் கடைசித் தீர்ப்பு இல்லை. 'சரியில்லை' என்று சொன்னதும் கடைசித் தீர்ப்பு இல்லை.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை வேகமாகப் புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் கொடுக்கும் பயிற்சி, பின்னால் கொடுக்கும் பயிற்சியைவிட அதிகப் பலன் தரும். அதனால்தான் குறையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இவ்வளவு அக்கறை.

ஜிகாவைக் குணமாக்கும் மருந்து இல்லை. தடுப்பூசியும் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. இறந்துபோன மூளை செல்களைத் திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை. ஆனால், மிச்சம் இருக்கும் திறனை வளர்க்க நிறைய வழிகள் உண்டு.

கண்ணையே எடுத்துக்கொள்ளலாம். ரெசிஃபியில் உள்ள அல்டினோ வென்டூரா கண் மருத்துவ அறக்கட்டளை, இந்தக் குழந்தைகளுக்குப் பார்வைப் பயிற்சி அளித்தது. பல குழந்தைகளுக்கு மாறுகண் இருந்தது. பக்கத்தில் இருப்பதைக் கூர்ந்து பார்க்கும் சக்தியும் குறைவு. சரியான பவரில் குட்டிக் கண்ணாடி மாட்டியதும், அம்மாவின் முகத்தைக் கவனிக்கவும் பொம்மையைத் தேடவும் பலர் ஆரம்பித்தார்கள். முகம் தெரிந்தால்தானே சிரிப்பைத் திருப்பித் தரமுடியும்? சிரிக்கும் குழந்தையிடம் வீட்டில் எல்லோரும் இன்னும் அதிகமாகப் பேசுவார்கள். ஒரு சிறிய கண்ணாடி இப்படிப் பல கதவுகளைத் திறந்துவிடும்.

பிசியோதெரபியும் அப்படித்தான். மூட்டுகள் இறுகிப்போகாமல் அது காக்கும். இடுப்பு மூட்டு விலகாமல் இருக்க, எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது என்று பெற்றோருக்குச் சொல்லித் தருவார்கள். விழுங்கச் சிரமப்படும் குழந்தையைப் படுக்க வைத்து ஊட்டாமல், தலையும் முதுகும் நிமிர்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, கெட்டியான உணவாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினால் புரை ஏறுவது குறையும். எந்தப் பக்குவத்தில் கொடுப்பது என்பதைக் குழந்தையைப் பரிசோதித்த தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

அம்மாக்களின் சுமை

பிரேசிலில் அதிகம் பாதிக்கப்பட்டது வசதி குறைந்த குடும்பங்கள். தினமும் குழாயில் தண்ணீர் வராத வீடுகளில் தொட்டியிலும் பீப்பாயிலும் பிடித்து வைப்பார்கள். ஏடிஸ் கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான்.

தெரபி மையங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருந்தன. உள்ளூர்களில் வசித்த அம்மாக்கள் விடிவதற்கு முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பல மணி நேரம் பயணம் செய்தார்கள். திங்கள்கிழமை கண், செவ்வாய்க்கிழமை பிசியோ, புதன்கிழமை நரம்பியல் என்று வாரம் முழுக்க ஓட்டம். வேலையை விட்டவர்கள் ஏராளம். கணவர் விலகிப்போய்த் தனியாகக் குழந்தையைச் சுமந்தவர்களும் உண்டு.

இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். பெர்னாம்புகோவில் 2015-லேயே ஒரு சங்கம் பிறந்தது. போர்ச்சுகீசிய மொழியில் அதன் பெயருக்கு 'தேவதைகளின் தாய்மார் ஒன்றியம்' என்று பொருள். எந்த மருந்து எங்கே கிடைக்கும், சக்கர நாற்காலிக்கு யாரிடம் விண்ணப்பிப்பது, இரவெல்லாம் அழும் குழந்தையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். சேர்ந்து போய் அரசிடம் உரிமையும் கேட்டார்கள்.

பிறகு 'ஜுன்டோஸ்' என்ற திட்டமும் வந்தது. 'சேர்ந்து' என்று அர்த்தம். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் சிறு குழுக்களாகக் கூடி, ஊட்டுவது, தூக்குவது, விளையாடுவது பற்றிக் கற்றுக்கொள்வார்கள். குழுவை நடத்துபவர்களில் ஒருவர், அதே போன்ற குழந்தையை வளர்க்கும் அம்மாவாக இருப்பார். 'எனக்கும் இப்படித்தான் இருந்தது' என்று அவர் சொல்லும்போது கிடைக்கும் தெம்பு தனிதான்.

அரசின் உதவி மெதுவாகத்தான் வந்தது. 2020-ல் வந்த சட்டம், பிறவி ஜிகா கூட்டறிகுறியோடு வாழும் ஏழைக் குழந்தைகளுக்கு, குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்கு இணையான தொகையை வாழ்நாள் முழுக்கத் தர வழிசெய்தது. 2015-ல் தாக்கலான இன்னொரு மசோதா, 2025-ல்தான் சட்டமானது. ஒருமுறை இழப்பீடாக 50,000 பிரேசில் ரெயாலும், கூடுதல் மாத ஓய்வூதியமும் அதில் உண்டு. முதல் அலையில் பிறந்த குழந்தைகள் அதற்குள் பத்து வயதை நெருங்கிவிட்டார்கள். சிலர் உயிரோடு இல்லை.

இந்தியாவில் என்ன நிலை?

ஜிகா நமக்கும் தூரமில்லை. 2017-ல் குஜராத்தின் அகமதாபாத்திலும், அதே ஆண்டில் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தொற்று உறுதியானது. 2018-ல் ஜெய்ப்பூர், 2021-ல் கேரளாவும் கான்பூரும், 2024-ல் புனே என்று அவ்வப்போது தலைகாட்டுகிறது. புனேயில் கர்ப்பிணிகளும் பாதிக்கப்பட்டார்கள். தொற்று உறுதியான கர்ப்பிணிகளின் சிசு வளர்ச்சியைத் தொடர்ந்து கண்காணிக்கும்படி, மத்திய அரசு 2024 ஜூலையில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பிரேசிலில் எழுந்தது போன்ற பேரலை இங்கே எழவில்லை. ஆனால், அந்தக் கொசு நம் வீட்டு மொட்டை மாடியிலும் இருக்கிறது.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தண்ணீர்த் தொட்டியையும் குடத்தையும் மூடி வைப்பது, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுவது அவசியம். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. மதியத் தூக்கத்துக்கும் கொசுவலை தேவை. தாம்பத்தியம் மூலமும் இந்த வைரஸ் பரவும். தொற்று உள்ள ஊருக்குக் கணவர் போய்வந்திருந்தால், பிரசவம்வரை ஆணுறை பயன்படுத்துவது பாதுகாப்பு. கர்ப்பத்தில் காய்ச்சலோடு தடிப்பு வந்தால், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். வைரஸ் சில நாள்கள்தான் ரத்தத்தில் இருக்கும். தாமதித்தால் பரிசோதனையில் தெளிவான பதில் கிடைப்பது கடினம்.

கர்ப்பத்தில் ஜிகா உறுதியான தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குத் தலை சரியாக இருந்தாலும், முதல் மாதத்துக்குள் கண் பரிசோதனை, காது கேட்கும் திறன் பரிசோதனை, உச்சிக்குழி வழியாக மூளை ஸ்கேன் ஆகியவற்றைச் செய்வது நல்லது. தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. தாராளமாகக் கொடுக்கலாம்.

வீட்டிலேயே கவனிக்க...

தலைச்சுற்றளவு முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ., பிறகு ஒரு வயதுவரை மாதத்துக்கு அரை செ.மீ. என்று வளரும். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடையோடு இதையும் அளந்து, தாய் சேய் நல அட்டையில் எழுதித் தரும்படி கேட்கலாம். ஒரு நாள் அளவைவிட, அளவுகள் ஏறிக்கொண்டே போகின்றனவா என்பதுதான் முக்கியம்.

கீழே உள்ளவை எந்தக் குழந்தைக்கும் பொருந்தும்.

• 2 மாதம்: முகம் பார்த்துச் சிரிக்கிறதா?

• 4 மாதம்: தலை நின்றுவிட்டதா? பொம்மையை நகர்த்தினால் கண்ணும் தொடர்ந்து போகிறதா?

• 9 மாதம்: பிடிக்காமல் உட்காருகிறதா? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? 'மாமா', 'பாபா' என்று ஒலி எழுப்புகிறதா?

• ஒன்றேகால் வயது: ஓரிரு வார்த்தைகளாவது பேசுகிறதா?

• ஒன்றரை வயது: பிடிக்காமல் நடக்கிறதா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா?

• எந்த வயதிலும்: கை எப்போதும் இறுக மூடியே இருக்கிறதா? உடம்பு விறைக்கிறதா, துவள்கிறதா? பால் குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுகிறதா? கற்றுக்கொண்ட ஒன்றை மறந்துவிடுகிறதா?

சந்தேகம் வந்தால், 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. அங்கன்வாடி பணியாளரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லலாம். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பகால இடையீட்டு மையங்களில், குழந்தைகள் நல மருத்துவரும் தெரபிஸ்ட்டுகளும் குழந்தையைப் பரிசோதிப்பார்கள். பயிற்சிகள் இலவசம்.

வீட்டிலும் செய்ய நிறைய இருக்கிறது. விழித்திருக்கும்போது தினமும் சில நிமிடங்கள் குப்புறப் படுக்க வைத்து, எதிரே அமர்ந்து பேச்சுக்கொடுக்கலாம். முகத்தை ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசிவிட்டு, குழந்தை பதிலுக்கு ஏதாவது ஒலி எழுப்பும்வரை காத்திருக்கலாம். கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட அட்டையைக் காட்டலாம். குளிப்பாட்டும்போது, 'இது கை, இது கால்' என்று சொல்லிக்கொண்டே தொடலாம். செல்போனில் பாட்டு போட்டுக் கையில் கொடுப்பதைவிட, பாட்டி மடியில் வைத்துப் பாடும் பாட்டுக்குப் பலன் அதிகம்.

இதில் அப்பாவுக்கும் பங்கு உண்டு. தெரபிக்குத் தூக்கிப் போவது, இரவில் ஒரு முறை எழுந்து பார்ப்பது, பயிற்சியைக் கற்றுக்கொள்வது எல்லாம் அம்மாவின் வேலை மட்டும் அல்ல. பிரேசிலில் தனித்து விடப்பட்ட பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இது புரியும். வீட்டில் இரண்டு பேர் கற்றுக்கொண்டால், குழந்தைக்கும் பயிற்சி இரண்டு மடங்கு. அம்மாவுக்கும் கொஞ்சம் தூங்க நேரம் கிடைக்கும்.

அடுத்த தடுப்பூசி தேதி எப்போது என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் தலைச்சுற்றளவுக்கான இடம் காலியாக இருந்தால், அன்றைக்குக் கேட்டு வாங்கி நிரப்பிவிடுங்கள்.